மேற்கு அயர்லாந்தில் பழைய ரயில் பாதைகளைத் தேடி

ஜூலை 5, சனி: லிமெரிக், பார்னா, லிஸ்டோவல்

"ஏம்மா, எந்த ஊருக்குப் போனாலும் ஸ்டேஷன் ரோடுன்னு ஒரு தெரு இருக்கு. ஸ்டேஷனைத்தான் காணோம். எங்க போச்சு?"

கோடைக்கு லிமெரிக் வந்திருக்கும் என் மாமனார் முதல் வாரத்திலிருந்தே இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தெற்கு ரயில்வேயில் பாதைப் பராமரிப்பு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் பல காலமாக இருந்த கேள்விதான் அது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. சரி, நாமே போய்ப் பார்த்துவிடலாம் என்று நானும் மாமாவும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். லிமெரிக்கிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே டொனகால் வரை போவதாகத் திட்டம்.

அயர்லாந்துக்கு ரயில் வந்தது 1834 டிசம்பரில். டப்ளினிலிருந்து அன்று கிங்ஸ்டவுன் என்று அழைக்கப்பட்ட துறைமுகம் வரை ஓடியது. அங்கிருந்து பெருகி, 1920 வாக்கில் தீவு முழுக்க 5,500 கிலோமீட்டர் அளவுக்குப் பாதை இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. மீதிப் பாதையின் மேல் மாடு மேய்கிறது, வீடு நிற்கிறது, சில இடங்களில் சைக்கிள் ஓடுகிறது. சில இடங்களில் முள்ளுக்கு அடியில் தண்டவாளமே அப்படியே கிடக்கிறது.

முதல் நிறுத்தம் லிமெரிக் பசுமைவழி. லிமெரிக்கிலிருந்து ட்ராலி போன பழைய பாதையில் ராத்கீலுக்கும் ஆபிஃபீலுக்கும் இடைப்பட்ட 40 கிலோமீட்டரை இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் விட்டிருக்கிறார்கள். பயணிகள் ரயில் 1963இல் நின்றது. சரக்கு வண்டி அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓடியிருக்கிறது. பார்னா சுரங்கம் நூறு மீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கும். நான் உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மாமா வாசலிலேயே நின்று இரண்டு பக்கமும் உள்ள வடிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்டவாளத்தை யாரு வேணா போட்டுடலாம்மா. தண்ணியை வெளிய அனுப்புறதுதான் பாதை. இவங்க வடிகாலை இன்னும் சுத்தமா வெச்சிருக்காங்க, அதனாலதான் இது நிக்குது."

சைக்கிள்காரர்கள் ஒருவர் விடாமல் வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா இறங்கி, நாங்கள் எந்த ஊர், மழைக்கோட்டு இருக்கிறதா, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டுவிட்டு, மேலே ஏறினால் காட்சி நன்றாக இருக்கும் என்று வழியும் காட்டிவிட்டுப் போனார். கொண்டுவந்த புளிசாதத்தை மரப்பெஞ்சில் வைத்துச் சாப்பிட்டோம். பக்கத்துக் கடையில் டீ 3 யூரோ, ஸ்கோன் 4 யூரோ.

மதியம் லிஸ்டோவல். இங்கே இருந்ததைப் போல ஒரு ரயிலை மாமா தன் சர்வீஸில் கேள்விப்பட்டதே இல்லை. பிரெஞ்சுக்காரரான சார்ல்ஸ் லார்டிக் அல்ஜீரியாவில் ஒட்டகங்கள் இரண்டு பக்கமும் சுமை தொங்கப் போவதைப் பார்த்து யோசித்த ஏற்பாடாம். தரையிலிருந்து ஏறக்குறைய இடுப்பு உயரத்தில், இரும்புக் கால்களின் உச்சியில் ஒற்றைத் தண்டவாளம். எஞ்சினும் பெட்டிகளும் அதன் இருபுறமும் சரிந்து உட்கார்ந்திருக்கும். எஞ்சினுக்கு இரண்டு பாய்லர், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. லிஸ்டோவலிலிருந்து கடற்கரை ஊரான பாலிபனியனுக்கு 1888இல் ஓடத் தொடங்கி 1924இல் நின்றது. ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தூரம்.

எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பியானோவை அனுப்ப வேண்டுமானால் மறுபக்கம் ஒரு பசுவை ஏற்ற வேண்டும், அந்தப் பசுவைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு கன்றுகளை ஏற்ற வேண்டும் என்று இங்கே சொல்கிறார்கள். மாமாவை யோசிக்கவைத்தது வேறு விஷயம். "லெவல் கிராசிங்குக்கு என்ன பண்ணாங்க?" இடுப்பு உயரத்தில் வேலி மாதிரி போகிற பாதையை மாட்டு வண்டி எப்படிக் கடக்கும்? தூக்குப் பாலம் மாதிரியான அமைப்புகள் வைத்திருந்தார்கள் என்று அங்கே இருந்த தன்னார்வலர் ஒருவர் படத்தைக் காட்டி விளக்கினார். மாமா தமிழில் கேட்டார், அவர் கெரி மாவட்ட உச்சரிப்பு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் நடுவில் இருந்தாலும் இரண்டு பேரும் கையாலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

இப்போது ஓடுவது மறுஉருவாக்கம். பார்வைக்கு நீராவி எஞ்சின், உள்ளே டீசல். 2003இலிருந்து கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டுகிறார்கள். அசலில் ஒரு எஞ்சின்கூட மிஞ்சவில்லை. என்னைக் கேட்டால், ஒன்றுமே மிஞ்சாத இடத்தில் இப்படிச் செய்துவைப்பது மிகப் பெரிய காரியம். படத்தில் பார்த்தால் இது எப்படி நின்றது என்று யாருக்கும் புரியாது. ஏறி உட்கார்ந்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் அசல்தான், பழைய ரயில் நிலையத்தின் சரக்குக் கொட்டகை.

இரவு தங்கிய வீட்டில் இரண்டு அறைக்கு 150 யூரோ. ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தெருமுனைக் கடையில் கறி சிப்ஸ், 6 யூரோ. உருளைக்கிழங்கு வறுவலின் மேல் மஞ்சள் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மாமா முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, குழம்பில் கொஞ்சம் பெருங்காயம் போட்டிருக்கலாம் என்றார்.

ஜூலை 6, ஞாயிறு: மொயாஸ்டா, குயில்டி

டார்பர்ட்டில் காரோடு படகில் ஏறி ஷானன் ஆற்றைக் கடந்தால் கிளேர் மாவட்டம். இருபது நிமிடம்தான். காலை முழுக்கத் தூறல்.

மேற்கு கிளேர் ரயில்வே மூன்றடி அகலக் குறும்பாதை. என்னிஸிலிருந்து 1887இல் தொடங்கியது, 1892இல் கடலோரத்தில் கில்ரஷ், கில்கீ வரை நீண்டது. அந்த இரண்டு ஊருக்கும் பாதை பிரிகிற இடம் மொயாஸ்டா. அயர்லாந்தின் குறும்பாதைகளில் முழுக்க டீசலுக்கு மாறிய பாதை இது ஒன்றுதான். 1950களில் புது ரயில் கார்களும் (எஞ்சினும் பெட்டியும் ஒன்றான வண்டி) எஞ்சின்களும் வாங்கிப் போட்டார்கள். அப்படியும் 1961 ஜனவரி 31 அன்று கடைசி வண்டி போய்விட்டது. இதைச் சொன்னபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. புது வண்டி வாங்கிய பாதையை மூடுவது அவருக்குத் தாங்கவில்லை.

நாங்கள் மொயாஸ்டா போனது காலை ரொம்ப சீக்கிரம், பார்வை நேரத்துக்கு முன்னால். வேலிக்கு வெளியே நின்றே மழையில் பார்த்தோம். நிலையக் கட்டடமும் மறுபடி போட்ட குறும்பாதைத் தண்டவாளமும் சாலையிலிருந்தே தெரிகின்றன. 'ஸ்லீவ் காலன்' என்ற எஞ்சினின் இருப்பிடம் இதுதான். 1892இல் கிளாஸ்கோவில் டப்ஸ் கம்பெனி கட்டியது. பாதை மூடிய பிறகு பல பத்தாண்டுகள் என்னிஸ் நிலையத்துக்கு வெளியே மேடையில் காட்சிப்பொருளாக நின்றது. அப்புறம் பழுது பார்த்து, 2009இல் மறுபடி நீராவியோடு இங்கே கொண்டுவந்தார்கள்.

அங்கிருந்து கடலோரமாகக் குயில்டி. அட்லாண்டிக் காற்று காரையே தள்ளியது. இந்தக் காற்று ரயிலையும் தள்ளியிருக்கிறது. அதனால் குயில்டி நிலையத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். ஓர் அளவைத் தாண்டினால் எடை ஏற்றிய பெட்டிகளை மட்டும் விடுவார்கள், அதற்கும் மேல் போனால் ரயிலே கிடையாது.

இந்தப் பயணத்தில் என் மனதில் மிக ஆழமாக நின்ற இடம் குயில்டிக்கு அப்பால்தான். அதற்கு எந்தப் பெயர்ப்பலகையும் இல்லை. நான் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன். மடியில் ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடத்தைத் திறந்து வைத்திருந்த மாமா திடீரென்று "நிறுத்து, நிறுத்து" என்றார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சின்ன வீடு, ஒரு வயல், ஒரு வேலி.

"வீட்டைப் பாரு. மத்த வீடெல்லாம் ரோட்டைப் பாத்து இருக்கு. இது மட்டும் பக்கவாட்டைக் காட்டிக்கிட்டு ஏன் ரோட்டு மேலயே ஒட்டி நிக்குது? ஏன்னா, இதோட வாசல் லைனைப் பாத்து இருக்கு. இது கேட் கீப்பர் வீடும்மா."

அப்புறம் வேலியைக் காட்டினார். நான்கைந்து கம்பங்கள் மரம் இல்லை, துருவேறிய தண்டவாளத் துண்டுகள். தட்டையான அடி, மெலிந்த இடுப்பு, சின்னத் தலை. அகலப்பாதையில் போட்ட பழைய தண்டவாளங்களில் மேலும் கீழும் தலை உள்ள வகை நிறைய உண்டு. அதை நிறுத்தி வைக்கச் செயர் என்ற வார்ப்பிரும்புத் தாங்கி வேண்டும். இது அந்த வகை இல்லை, எடையும் குறைவு, குறும்பாதைச் சாமான் என்று மாமா ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார். சாலையின் இரண்டு பக்கமும் புதரின் உயரம் ஒரே கோட்டில் போவதையும், வயல் மேடு பள்ளமாக இருக்க அந்தக் கோடு மட்டும் சமமாக இருப்பதையும் அவர் காட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கே பார்த்தாலும் எனக்குப் பாதை தெரிய ஆரம்பித்துவிட்டது.

நாயோடு ஒரு பெரியவர் வந்தார். தொலைந்துபோய்விட்டோமோ என்று நினைத்து உதவ வந்தவர், நாங்கள் தன் வேலிக் கம்பத்தைப் படம் எடுப்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார். மாமா இந்தியாவில் ரயில் பாதையில் வேலை பார்த்தவர் என்று நான் சொன்னதும் முகம் மாறிவிட்டது. உள்ளே அழைத்துப் போய் டீ போட்டார், பிரவுன் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தார். கெட்டியான டீ, நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும். அவருடைய அத்தைதான் அந்த கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாராம். புருஷன் லைனில் வேலை, மனைவிக்கு கேட், குடியிருக்க வீடு. "எங்க ஊர்லயும் கேட் வீட்டுல குடும்பம் இருக்கும்னு சொல்லு" என்றார் மாமா. சொன்னேன்.

வெளியே வந்தபோது மாமா இன்னொன்றைக் கண்டுபிடித்தார். வயல் வாசலில் இருந்த கனத்த இரும்புக் கம்பம் லெவல் கிராசிங் கேட்டின் அசல் தூண். கீல் மாட்டிய இடமும் தாழ்ப்பாள் விழும் கொண்டியும் அப்படியே இருந்தன. பெரியவருக்கே அது தெரியாது. புது டிராக்டர் டிரெய்லர் அந்த வாசலில் நுழையவில்லையாம், இலையுதிர் காலத்துக்குள் அதைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று இருந்திருக்கிறார். மாமா தரையில் குச்சியால் கோடு போட்டார்: தூண் இங்கே இருக்கிறது, இதைத் தோண்டி இரண்டு மீட்டர் தள்ளி நட்டால் டிரெய்லரும் போகும், தூணும் இருக்கும். பெரியவர் அந்தக் கோட்டையும் தூணையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் மகனிடம் சொல்லி அப்படியே செய்வதாகச் சொன்னார். செய்வார் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் அந்தத் தூணைப் பிடுங்க நினைத்ததில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. அது என்னவென்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெரிய எஞ்சினுக்கு ஆயிரம் பேர் காவல் இருக்கிறார்கள். வேலியோரத்துத் தூணுக்கு யாரும் இல்லை.

ஜூலை 7, திங்கள்: நியூபோர்ட், மல்ரேனி, அக்கில்

வெஸ்ட்போர்ட்டில் தூங்கி எழுந்தால் நல்ல வெயில். இரண்டு மின்சார சைக்கிள் முன்பதிவு செய்து பணமும் கட்டியிருந்தேன். கடையில் போய் நின்றால், அப்படி ஒரு பதிவே இல்லை, ஒரே ஒரு சைக்கிள்தான் மிச்சம் என்றார்கள். அரை மணி நேரம் பேசிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காரில் போய் இறங்கி இறங்கி நடப்பது என்று முடிவு செய்தோம். நடந்ததே நல்லதாகப் போயிற்று. சைக்கிளில் போயிருந்தால் மாமா பார்த்ததில் பாதியைப் பார்த்திருக்க முடியாது.

வெஸ்ட்போர்ட்டிலிருந்து அக்கில் தீவின் வாசல் வரை போகும் இந்தப் பசுமைவழி 42 கிலோமீட்டர். 2010இல் தொடங்கியது. நாட்டின் மற்றப் பசுமைவழிகளுக்கெல்லாம் முன்மாதிரி. பாதை போட்டது மிட்லண்ட் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே. வறிய மேற்கில் வேலையும் போக்குவரத்தும் வேண்டும் என்று, அன்று அயர்லாந்து நிர்வாகத்தைக் கவனித்த பிரிட்டிஷ் அமைச்சர் பால்ஃபர் 1889இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் அரசுப் பணத்தில் போடப்பட்ட பாதைகளில் ஒன்று. 1895இல் அக்கில் வரை வந்தது, 1937இல் மூடப்பட்டது.

நியூபோர்ட்டில் ஏழு வளைவுகள் கொண்ட செங்கல்நிற மணற்கல் பாலம் ஊருக்கு நடுவே நிற்கிறது. ரயில் போய் எண்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஊர்ச் சின்னம் அதுதான். மாமா வளைவுக்குக் கீழே போய் நின்று கல்லின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மல்ரேனியில் ரயில்வே கட்டிய விடுதி இன்றும் விடுதியாகவே நடக்கிறது. அங்கே கிளாம், மீன், உருளைக்கிழங்கு போட்ட சௌடர் சூப், 12 யூரோ. கூடவே கறுத்த ரொட்டி. மாமா இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

தண்டவாளத்தை எடுத்துவிட்டுச் சைக்கிள் பாதை போடுவது ரயில் பாதையைக் காப்பாற்றுவதாகுமா என்று இங்கே ரயில் ஆர்வலர்கள் வாதாடுகிறார்கள். நான் இது வரை ஆகாது என்ற பக்கம்தான். மாமா வேறு மாதிரி சொன்னார்: "லைனுக்கு எது முக்கியம்? நிலம். அது துண்டு துண்டா கைமாறிடுச்சுன்னா அப்புறம் எந்தக் காலத்துலயும் சேக்க முடியாது. இங்க நிலம் ஒரே கையில இருக்கு, பாலத்துக்கு வருஷா வருஷம் ஆள் வந்து பாக்கறான். தண்டவாளத்தை எப்ப வேணா போட்டுக்கலாம்." நடக்க நடக்க எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒன்று மட்டும் குறை. பல இடங்களில் இது ரயில் பாதை என்று தெரியாமலேயே ஆட்கள் போகிறார்கள். பழைய பாலங்களுக்கும் நிலைய மேடைகளுக்கும் பக்கத்தில் இன்னும் நிறைய பலகைகள் வேண்டும்.

அக்கிலுக்குப் போய்விட்டுக் கில்டாவ்னெட் கல்லறைத் தோட்டத்துக்குப் போகாமல் வர முடியவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பிரையன் ருவா என்ற ஒருவர், இரும்புச் சக்கரத்தில் புகையும் நெருப்புமாக வண்டிகள் வரும், அக்கிலுக்கு வரும் முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணங்களைச் சுமந்து வரும் என்று குறி சொன்னதாக இங்கே எல்லாருக்கும் தெரியும். 1894 ஜூனில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடைக்குப் போகக் கிளம்பிய அக்கில் இளைஞர்களும் பெண்களும், வெஸ்ட்போர்ட் துறைமுகம் நெருங்கியபோது, தங்களை ஏற்றிச்செல்லக் காத்திருந்த நீராவிக் கப்பலைப் பார்க்க எல்லாரும் ஒரு பக்கமாக எழுந்து வந்தார்கள். படகு கவிழ்ந்தது. 32 பேர் போனார்கள். பாதை இன்னும் முறையாகத் திறக்கப்படாத நிலையில், தனி ரயிலில் உடல்களைக் கொண்டுவந்தார்கள். 1937 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்கின்டில்லோக்கில் அறுவடைக்குப் போனவர்கள் தங்கிய கொட்டகை தீப்பிடித்து அக்கில் பையன்கள் 10 பேர் இறந்தார்கள். அவர்களின் சவப்பெட்டிகளும் இதே பாதையில் வந்தன. சில நாட்களில் பாதை மூடப்பட்டது.

குறி பலித்ததோ இல்லையோ, இந்தத் தீவிலிருந்து கூலிக்குக் கடல் தாண்டிப் போனவர்களின் பாதை இது. இந்தச் சைக்கிள் வழியில் சிரித்துக்கொண்டு போகும் குழந்தைகளுக்கும் அது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். நினைவுச் சின்னத்துக்கு முன்னால் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பக்கத்தில் பூ வைக்க வந்த அம்மா ஒருவர் அதைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஜூலை 8, செவ்வாய்: கில்டிமா

க்ளேர்மோரிஸிலிருந்து கொலூனி போகும் பாதையை ரயில்காரர்கள் பர்மா ரோடு என்று அழைத்தார்கள். பயணிகள் ரயில் 1963இலேயே நின்றது, சரக்கு 1975இல். விசேஷம் என்னவென்றால் தண்டவாளத்தை எடுக்கவில்லை. சாலையோரம் நின்று பார்த்தால், வெள்ளை கேட்டுக்கு அப்பால் முள்ளும் பிர்ச் மரமும் தண்டவாளங்களுக்கு நடுவிலிருந்தே முளைத்து நிற்கின்றன. தண்டவாளத்துக்கு அடியில் போட்ட ஸ்லீப்பர் கட்டை மக்கிப் போயிருக்கிறது, தண்டவாளம் இருக்கிறது.

கில்டிமாவில் இந்தப் பாதையின் ஒரு பகுதியைத் துப்புரவு செய்து, மிதித்து ஓட்டும் வண்டிகளை விட்டிருக்கிறார்கள். இரண்டு பேர் மிதிக்க, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்து வரலாம். எங்களோடு ஒரு தம்பதி வந்ததால் மாமாவை மிதிக்க விடவில்லை. நம் ஊர்த் தள்ளு டிராலியில் பாதை பார்க்கப் போவது மாதிரியேதான் இருந்தது. இணைப்பு வரும்போதெல்லாம் 'டக்டக்' என்ற சத்தம் கேட்கிறது. மாமா ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையசைத்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் சத்தம் மாறியதும் "இங்க ஸ்லீப்பர் தொங்குது, அடியில பிடிப்பு இல்ல" என்றார். திரும்பி வந்ததும் அங்கிருந்த பையனிடம் சொன்னோம். அவன் சிரிக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து எந்த இடம் என்று விசாரித்து எழுதிக்கொண்டான்.

சாயங்காலம் டொனகால் ஊர். வழியில் பெட்ரோல் லிட்டர் 1.74 யூரோ. ஸ்லைகோ தாண்டியதும் பேய் மழை.

ஜூலை 9, புதன்: டொனகால், ஓவன்கேரோ

டொனகால் மாவட்டத்தில் இன்று ஒரு மீட்டர் பொதுப் போக்குவரத்து ரயில் பாதைகூடக் கிடையாது. ஒரு காலத்தில் டொனகால் கவுன்டி ரயில்வேயின் குறும்பாதை மட்டுமே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடியது. பழைய நிலையக் கட்டடத்தில் இப்போது அருங்காட்சியகம். சிவப்பும் பால்நிறமும் பூசிய பெட்டிகள். மேலாளராக இருந்த ஹென்றி ஃபோர்ப்ஸ் 1930களிலேயே டீசல் ரயில் கார்களைக் கொண்டுவந்து, வயல் ஓரத்தில் கை காட்டினால்கூட நிறுத்தி ஏற்றிக்கொள்ளும் அளவுக்குப் பாதையை மக்களுக்கு நெருக்கமாக்கினார். அயர்லாந்தைப் பிரித்ததால் நடுவில் வந்த எல்லையும் சுங்கச் சோதனையும் ஒருபுறம், லாரியும் பஸ்ஸும் ஒருபுறம். 1959 டிசம்பர் 31 அன்று முடிந்தது.

எஞ்சின்கள் தப்பியது ஒரு விபத்து மாதிரி. பாதை மூடிய பிறகு அமெரிக்க மருத்துவர் ஒருவர் தன் நாட்டுக்குக் கொண்டுபோகப் பல எஞ்சின்களையும் பெட்டிகளையும் வாங்கினார். கப்பல் செலவு கட்டுப்படியாகவில்லை. அவை ஸ்ட்ராபேன் நிலையத்தில் பல வருஷம் மழையில் நின்றன. அவர் வாங்காமல் இருந்திருந்தால் அப்போதே உடைத்திருப்பார்கள். அந்த வகையில் துருப்பிடித்தாலும் மிஞ்சின.

பார்ன்ஸ்மோர் கணவாய் வழியாக லெட்டர்கென்னி போய், அங்கிருந்து வடமேற்கே. பார்ன்ஸ் கேப்பில் சாலைக்கு இரண்டு பக்கமும் உயரமான கல்தூண்கள், மேலே ஒன்றும் இல்லாமல் நிற்கின்றன. இது வேறு கம்பெனி: லண்டன்டெர்ரி அண்ட் லாஃப் ஸ்வில்லி ரயில்வே. 1903இல் இந்த மலைகளுக்கு ஊடே கடற்கரையின் பர்ட்டன்போர்ட் மீன்பிடித் துறை வரை போனது. இதுவும் மூன்றடிப் பாதைதான். கொஞ்ச தூரத்தில் ஓவன்கேரோ பள்ளத்தாக்கு. தரையெல்லாம் கரிநிலச் சேறு, அதன் குறுக்கே வரிசையாகக் கல்தூண்கள் போகின்றன. மேலே பாதையைத் தாங்கிய இரும்புக் கர்டர்கள் இல்லை.

1925 ஜனவரி 30 இரவு. புயல் காற்றில் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்த ரயிலின் பெட்டிகள் தண்டவாளத்தை விட்டுத் தூக்கப்பட்டன. ஒரு பெட்டியின் கூரை பிய்ந்து, உள்ளே இருந்தவர்கள் கீழே பாறைகளில் விழுந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள். பாலம் நின்றது, ரயில் தொடர்ந்து ஓடியது, 1940களில் பாதை மூடப்பட்டது.

மாமா அங்கே அதிக நேரம் நின்றார். நாங்கள் போன நேரம் காற்று இல்லை. அதனால் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்த்து முகம், கழுத்தெல்லாம் கடித்துத் தடித்துவிட்டது. "போலாம் மாமா" என்றேன். "இரு. குயில்டியில காத்தை அளக்க ஒரு கருவி வெச்சாங்கன்னு சொன்னியே. இங்க இருந்துச்சா?" எனக்குப் பதில் தெரியவில்லை. காற்றடிக்கிற இடத்தில் குறும்பாதை போடுவதே ஆபத்து, பெட்டிக்கு அடி அகலம் குறைவு, பக்கவாட்டு மட்டும் பாய்மரம் மாதிரி என்று கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினார். கடைசி வரை அவர் கண் அந்தத் தூண்களின் மேல்தான் இருந்தது.

இந்தத் தூண்கள் இப்படியே நிற்பதுதான் சரி என்பது என் எண்ணம். கர்டர் போட்டு நடைபாலம் ஆக்க வேண்டாம். செடியை மட்டும் வேரோடு எடுக்க வேண்டும். தூண்களின் இடுக்கில் முளைத்திருக்கும் மரக்கன்றுகளை மாமா எனக்குக் காட்டினார். பத்து வருஷம் விட்டால் கல்லைப் பிளந்துவிடுமாம்.

ஜூலை 10, வியாழன்: லிமெரிக்

ஆறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டி வீடு வந்து சேர்ந்தேன். முதுகு வலி. ஆனால் ராத்திரி உட்கார்ந்து ஒரு வேலையை முடித்துவிட்டேன். இங்கே மாவட்ட நிர்வாகங்களில் மரபு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். கிளேர் மாவட்ட அலுவலருக்கு, அந்தப் பெரியவரின் அனுமதியோடு, கேட் தூணின் படங்கள், வரைபடத்தில் அது இருக்கும் இடம், தண்டவாளக் கம்பங்களின் குறுக்கு வெட்டுத் தோற்றம், மாமா சொன்ன அளவுகள் எல்லாவற்றையும் அனுப்பினேன். அளவுகளை மாமா தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதித் தந்தார். அதையும் படமெடுத்து, கீழே ஆங்கிலத்தில் எழுதிச் சேர்த்தேன்.

அயர்லாந்தில் இருக்கும் நம்மவர்களுக்கு: உங்கள் ஊரில் ஸ்டேஷன் ரோடு இருந்தால் அதன் கடைசி வரை ஒரு நாள் நடந்து பாருங்கள். ஆறில்லாத இடத்தில் பாலம், சாலையைப் பார்க்காத வீடு, இரும்பு வேலிக் கம்பம், காரணமில்லாமல் நேராகப் போகும் புதர் வரிசை, இதில் எது கண்ணில் பட்டாலும் பழைய வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். தனியார் நிலம் என்றால் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நாங்கள் கேட்ட ஒரு இடத்திலும் இல்லை என்று சொல்லவில்லை. எங்களுக்குத் தந்ததெல்லாம் டீதான்.

மாமா ஊருக்குக் கிளம்புவதற்குள் கார்லோ மாவட்டத்தின் போரிஸ் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். 16 வளைவு என்று சொல்லிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை.